நானூற்றுப் பன்னிரண்டாவது சொல்

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டா, எழுபத்துமூன்றா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கிணறு வெட்டும் கோதண்டம் பேசியதும் இப்படியேதானா, இத்தனை ஆண்டுகளில் நானே திருத்திக்கொண்டதா, தெரியாது.

கல்லூரிப் பாடங்கள் தமிழுக்கு வந்துகொண்டிருந்த காலம். நிலவியல் நூலை மொழிபெயர்க்க, கல்லூரி ஆசிரியனான என்னை ஸ்ரீபெரும்புதூரில் போட்டிருந்தார்கள். இலைகளின் அச்சு பதிந்த சாம்பல் நிறக் கல் அந்தப் பக்கம் அகப்படும். மக்கள் வழக்குச் சொல் என்றால் சொன்னவர் பெயர், ஊர், கைநாட்டு மூன்றும் அட்டையில் இருக்க வேண்டும் என்பது கலைச்சொற்களைச் சரிபார்க்கும் சொற்குழுவின் விதி. எல்லாச் சொற்களையும் குழு ஏற்றால்தான் எனக்கு மாற்றல். பாளையங்கோட்டையில் செவிலியாக இருந்த என் மனைவி ரூத்துக்கு ஏழாம் மாதம்.

நானூற்றுப் பன்னிரண்டு சொற்களில் ஒன்றுதான் பாக்கி: அந்தக் கல்லின் பெயர். நானே ஆக்கிய பெயர்களை நான்கு முறை திருப்பிவிட்டார்கள். பிள்ளைப்பாக்கத்தில் கிணறு வெட்டும் கோதண்டத்திடம் ஒன்பது நாள் நடந்தேன். பத்தாம் நாள் ‘பொருக்குக்கல்’ என்றார். கைநாட்டு வாங்கி அனுப்பினேன். குழு ஏற்றது, பாராட்டியும் எழுதியது.

செய்தியைச் சொல்லப் போனேன்.

“அது நான் சும்மா சொன்னது, ஆபிரகாம் சார்” என்றார் கோதண்டம்.

“சும்மாவா?”

“டெய்லி வந்து நின்னுகினு இருந்தீங்க. வெறுங்கையோட அனுப்ப மனசு வரல.”

“அப்போ நீங்க அதை எப்படித்தான் சொல்வீங்க?”

“ஆழத்த வச்சுத்தான் சார். இந்தக் கெணத்துல அது மூணாள் கல்லு. ரெட்டியார் கெணத்துல அஞ்சாள் கல்லு. பேர் வச்சு இன்னா, அதுக்குக் கல்யாணமா பண்ணப்போறோம்?”

கயிறு இழுத்துக்கொண்டிருந்த அவர் மனைவி கங்கம்மாள் திரும்பினாள். “என்னையே பேர் சொல்லாம ‘தே’ன்னுதான் இது கூப்புடுது. கல்லுக்கு மட்டும் பேரு வச்சுதா?”

இருவரும் சிரித்தார்கள்.

முன்பு சொன்ன சொற்களையும் சேர்த்து, கோதண்டம் கைநாட்டு வைத்த அட்டைகள் முப்பத்தெட்டு. ஒன்று பொய் என்றால் அத்தனையும் திரும்பி வரும், மாற்றல் போகும். உண்மையைக் கடிதமாக எழுதினேன். மூன்று நாள் அனுப்பாமல் வைத்திருந்துவிட்டுக் கிழித்தேன்.

அடுத்த வாரம் உத்தரவு வந்தது. மக்கள் நாவிலிருந்து சொல் எடுக்கும் திறமையை முன்னிட்டு, இரண்டாம் தொகுதியும் என்னிடமே ஒப்படைக்கப்பட்டது. மாற்றல் நிறுத்திவைக்கப்பட்டது. மறுத்து எழுதினால், அந்தத் திறமை பொய் என்ற காரணத்தைச் சொல்ல வேண்டும்.

எனக்குப் பெண் பிறந்தாள். அவளோடு ஒரே வீட்டில் இருக்க ஆரம்பித்தபோது அவளுக்கு மூன்று வயது. ரூத் செவிலியாகவே இருந்து ஓய்வுபெற்றாள். அந்த ஆண்டுகளைப் பற்றி அவள் கேட்டதில்லை. கோதண்டம் எண்பத்துநான்கில் மஞ்சள் காமாலையில் இறந்தார். கங்கம்மாள் மறைமலை நகரில் மகளோடு இருக்கிறாள். நான் பத்தொன்பது ஆண்டுகள் அந்தச் சொல்லைப் பாடம் நடத்தினேன்.