மாலதி கொடுத்த புத்தகங்கள்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு இன்னும் அவமானம்.

ஒரு சிற்றிதழில் கட்டுரைதான் கேட்டிருந்தார்கள். மாலை வேளையில் படிக்க நல்ல புத்தகங்களை எப்படிக் கண்டுபிடிப்பது என்று. எழுதுகிறவளுக்கு அது தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டார்கள் போல. திருப்பாதிரிப்புலியூரில், எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து இப்படி ஆரம்பித்தேன்:

'நாள் முழுக்க உழைத்துக் களைத்த மனம், அந்தி சாயும் நேரத்தில் ஒரு நல்ல புத்தகத்தை

வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது. எதிரே சோபாவில் கால் நீட்டிப் படித்துக்கொண்டிருந்த என் கணவர் ஜெயப்பிரகாஷ், தோள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தார். அந்தப் புத்தகம் நான் கொடுத்ததில்லை.

2

ஜெயப்பிரகாஷ் சிதம்பரத்தில் ஒரு மோட்டார் உதிரிபாகக் கடையில் மேனேஜர். காலையில் பாசஞ்சரில் போய் சாயங்காலம் பாசஞ்சரில் திரும்புவார். கல்யாணமான புதிதிலிருந்து எத்தனையோ புத்தகங்களை அவர் கையில் திணித்திருக்கிறேன். எல்லாமே பெரிய பேர் வாங்கியவை. கொஞ்சம் புரட்டிவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா ஜாஸ்தியா யோசிக்கிறாங்க" என்று ரிமோட்டைத் தேடுவார்.

இந்த மழைக்காலத்தில் ஆள் மாறிப்போனார். ரயிலில் ஆரம்பித்ததை வீட்டுக்கு வந்தும் விடாமல் படித்தார். சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்திலேயே கவிழ்த்து வைத்தார். யார் கொடுத்தது என்று கேட்டேன்.

"ட்ரெயின்ல மாலதின்னு ஒருத்தவங்க வராங்க. நர்சு. நல்ல நல்ல புக்கா புடிச்சிக் குடுக்குறாங்க."

[இங்கே 'என் நெஞ்சில் சுருக்கென்றது' என்று எழுதி அழித்துவிட்டேன். சுருக்கென்றெல்லாம் இல்லை. வயிறு எரிந்தது.]

3

மாலதியைப் பார்ப்பதற்கு முன்பே எழுதிவிட்டேன். முதல் வரைவில் அவளுக்குக் காட்டன் புடவை, கன்னக்குழி, ஜன்னல் காற்றில் பறக்கிற முடி. அடுத்த வரைவில் கன்னக்குழியை எடுத்துவிட்டேன். அப்போதும் அழகாகத்தான் இருந்தாள். பிறகு, புருஷனோடு ஒத்துப்போகாமல் தனியாக இருக்கிற

வேண்டாம். எழுதும்போதே கை கூசியது.

(வாசகரே, அவள் என் கணவரை எடுத்துக்கொள்வாள் என்று பயந்தேனா என்று கேட்பீர்கள். கொஞ்சம் இருந்தது. ஆனால் அவருக்கு என்ன பிடிக்கும் என்று ரயிலில் பார்க்கிற ஒருத்திக்குத் தெரிகிறது, கூடவே இருக்கிற எனக்குத் தெரியவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.)

4

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் பஸ் பிடித்துச் சிதம்பரம் போனேன். கீழ வீதியில் சும்மா சுற்றிவிட்டு, சாயங்காலம் ஸ்டேஷனில் அவர் ஏறிய பெட்டியிலேயே ஏறினேன்.

"நீ எங்க இங்க?"

"கோயிலுக்கு வந்தேங்க."

விபூதி இல்லாத என் நெற்றியைப் பார்த்தார்.

எதிர் சீட்டில் மாலதி. சாயம் வெளுத்து நரை தெரிகிற முடி, நின்று நின்று வீங்கிய கணுக்கால், மடியில் கடலைப் பொட்டலம். கிட்டத்தட்ட என் வயதுதான் இருக்கும்.

"நீங்கதான் எளவரசி அக்காவா? சார் சொல்லிகிட்டே இருப்பாரு" என்று கடலையை நீட்டினாள்.

கிள்ளை தாண்டும்வரை பொதுவாகப் பேசிக்கொண்டு வந்தோம். அப்புறம் கேட்டேன், "எப்படிப் பாத்துப் பாத்து எடுக்குறீங்க புக்க?"

"மேல வீதிப் பக்கம் ஒரு பழைய புக்குக் கட இருக்குக்கா. ட்யூட்டி முடிஞ்சி போவேன். நடுவுல பிரிச்சி நின்னுகிட்டே படிப்பேன். கால் வலி தெரிஞ்சா வெச்சிடுவேன். தெரியலன்னா எடுத்துக்குவேன்."

கட்டுரைக்கு இதைவிட நல்ல வரி என்னால் எழுதவே முடியாது. அதற்கும் பொறாமைப்பட்டேன்.

ஜெயப்பிரகாஷுக்குக் கடையிலிருந்து போன் வந்தது. கதவோரம் போய்ப் பேசினார். நான் சட்டென்று கேட்டேன்.

"அந்தக் கடையில என் புக்கு ஏதாவது பாத்திருக்கீங்களா?"

மாலதி உள்ளங்கையிலிருந்த கடலைத் தோலை ஊதினாள். "பாத்தேன்க்கா. எடுத்தாந்து குடுத்தேன். சார்தான், 'அவ எழுதுனது மட்டும் வேணாங்க'ன்னு திருப்பிக் குடுத்துட்டாரு."

என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் சொல்லியிருக்கக் கூடாதோ" என்றாள். கடலூர் முதுநகர் ஸ்டேஷன் வந்ததும் கடலைப் பொட்டலத்தை மடித்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

5

[இங்கிருந்து மெதுவாக எழுதுகிறேன்.]

ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு நடந்தோம். பூக்கடைகளைத் தாண்டியதும் கேட்டேன்.

"என் புக்கு அவ்ளோ மட்டமாவா இருக்கு?"

அவர் நடையை நிறுத்தவில்லை. "மொத புக்க ரெண்டு தடவ படிச்சிருக்கேன்."

எனக்குத் தெரியாது.

"அதுல வர்ற பொம்பள, புருஷன் தூங்குனப்புறம் அவன் மூஞ்சியவே பாத்துகிட்டு இருப்பா. இந்த ஆளு இல்லாம இந்த வீடு எப்படி இருக்கும்னு நெனைப்பா."

"அது கதைங்க."

"தெரியும். நல்லா எழுதியிருந்த. அன்னையிலேர்ந்து நான் செவுத்துப் பக்கம் திரும்பித்தான் படுக்குறேன்."

தோள்பட்டை வலி என்று சொல்லியிருந்தார். நானும் நம்பித் தைலம் தேய்த்துவிட்டிருக்கிறேன்.

"மாலதி குடுக்குற புக்குல வர்ற யாரையும் எனக்குத் தெரியாது. நிம்மதியா இருக்கு" என்றார்.

(அந்தப் பெண் நானா என்று கேட்கிறீர்கள். எழுதும்போது இல்லை என்றுதான் நினைத்தேன்.)

6

கட்டுரை எழுதவில்லை. இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். முடிவுகள் சிலவற்றைப் போட்டுப் பார்த்தேன்.

நான் எழுதுவதை விட்டுவிடுகிறேன், அவர் என் பக்கம் திரும்பிப் படுக்கிறார். (நான் விடமாட்டேன். உங்களுக்கே இப்போது தெரிந்திருக்கும்.)

அவருக்காகவே ஒரு கதை எழுதுகிறேன். அதில் தூங்குகிற புருஷனைப் பார்த்து ஒருத்திக்கு மனசு நிறைந்துபோகிறது. ஒரு பக்கம் எழுதினேன். ஒவ்வொரு வரியிலும் பொய் தெரிந்தது. நல்ல புத்தகம் எது என்று இப்போது அவருக்குத் தெரியும், மூடி வைத்துவிடுவார். அதைத் தெரியவைத்தவள் மாலதி. அவள் மேல் பொறாமை குறையவே இல்லை. அவள் நீட்டுவதை அவர் பயமில்லாமல் வாங்கிக்கொள்கிறார்.

இதை எழுதும்போதே ஜெயப்பிரகாஷ் எழுந்து வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறார். லேப்டாப் திரையில் அவர் பெயர் இருக்கிறது. பார்த்திருப்பார். போகவில்லை.

"இது எப்படி முடியுது?" என்கிறார்.

தெரியாது என்கிறேன். பக்கத்து நாற்காலியில் கிடந்த துணிகளை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, இந்தக் கதையின் முதல் வரிக்குத் திரையைத் தள்ளிக்கொண்டு போகிறேன். அவர் உட்காருகிறாரா, சோபாவுக்குத் திரும்புகிறாரா என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அந்த வரியை நான் எழுதினால் அவர் நம்பமாட்டார்.