மூன்றாம் வண்டியின் சாவி

விடிந்தும் விடியாத குளிரில் அத்திபெலே குடோனின் இரும்புக் கதவுகள் கைகளைக் கடித்தன. எத்திராஜ் மூன்றாம் எண் ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் சாவியைத் திருகினான். எஞ்சின் இருமிவிட்டு நின்றது. மஞ்சள் விளக்கு விட்டு விட்டு எரிந்தது.

"டொமினிக்கக் கூப்டு எத்திராஜண்ணா. மெஷின் வச்சுப் பாக்கட்டும்" என்றாள் பெட்டி அடுக்கும் பாமா.

"அவன் இன்னா பெரிய டாக்டரா?"

வயிறு எரிந்தது அவனுக்கு. இருவரும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்த டிரைவர்கள். முதலாளி சீனிவாசராகவன் டொமினிக்கை மட்டும் டிரெயினிங்குக்கு அனுப்பி, கோளாறை நம்பராகக் காட்டும் ஸ்கேனரைக் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து அவனுக்கு ஆபீஸ் அறையில் காபி. மற்றவர்களுக்குக் குழாயடியில் டீ. தொழிலாளியைத் தொழிலாளியே முறைத்துக்கொண்டு கிடந்தால் முதலாளிக்கு நிம்மதிதானே!

பழுதென்று வண்டியை நிறுத்தினால் அன்றைய கூலி கிடையாது. அதனால் எஞ்சினுக்குப் பொறி தரும் இக்னிஷன் காயிலின் ஒயரில் டேப் சுற்றி ஓட்டுவது அங்கே வழக்கம். எத்திராஜும் சுற்றினான். எஞ்சின் பிடித்தது.

சரிவில் பாரத்தோடு ஏறும்போது எஞ்சின் அணைந்தது. பிரேக் பெடல் கல்லாக இறுகி மிதிபடவில்லை. வண்டி பின்னால் உருண்டது. "அய்யோ!" என்று பின்னால் பெட்டி சுமந்து வந்த சின்னத்தாயி அலறினாள். சக்கரம் அவள் பாதத்தின் மேல் நின்றது.

அவளை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிய பிறகுதான் சீனிவாசராகவன் வந்தார்.

"டிரைவர் தப்பு. ஆஸ்பத்திரிச் செலவுக்கு கம்பெனி பொறுப்பில்ல. எத்திராஜ், நாளையிலிருந்து வராதே."

டொமினிக் ஸ்கேனரை மாட்டினான். எத்திராஜ் அதன் திரையை எட்டிப் பார்த்தான். தன் பிழைப்பு போயும் போயும் இவன் கையிலா!

"இக்னிஷன் காயில் சார். ஓட்டத்துல கட்டாயிருக்கு. போன மாசமே சொன்னேன். டேப் சுத்தி ஓட்டச் சொன்னது நீங்கதான்."

"ஏய், ரொம்பப் பேசறே? அந்த நம்பரை அழி. கெலசா, வேலை வேணாமா உனக்கு?"

பித்தானை ஒருமுறை அழுத்தினால் போதும். எத்திராஜ் அந்த விரலையே பார்த்தான். அழுத்துவான், காபி குடித்த விரல்தானே!

டொமினிக் ஸ்கேனரைக் கழற்றி பாமாவிடம் நீட்டினான். "அழிக்கல. பத்திரமா வெச்சுக்கோ. சின்னத்தாயிக்கு வைத்தியம் பாக்கணும், எத்திராஜுக்கு வேலை இருக்கணும். அதுவரைக்கும் வண்டி ஓடாது சார்." சரிவின் நடுவில் போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்தான்.

எத்திராஜுக்குக் கண் கலங்கியது. கூடவே பொறாமையும் பொத்துக்கொண்டு வந்தது. இதிலும் இவன்தானா முதல்?

மூன்றாம் வண்டியின் சாவியைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டான். விறுவிறுவென்று நடந்து, டொமினிக்குக்கு ஓரடி முன்னால் உட்கார்ந்தான்.

"டேய், மறைக்காதடா" என்றான் டொமினிக்.

"நீ பின்னாடியே இரு. காபி குடிச்சவன்தானே."

டொமினிக் சிரித்துவிட்டான். முதல் வண்டியை அதன் டிரைவர் அணைத்தான். அடுத்ததும் அணைந்தது. தலைச்சுமையை இறக்கி வைத்துவிட்டு பாமாவும் பெண்களும் வந்தார்கள்.

கேட்டில் லாரிகள் ஹாரன் அடித்தன. சீனிவாசராகவன் போனை எடுத்து யாரையோ கூப்பிட்டார். யார் வரப்போகிறார்களோ, தெரியாது. எத்திராஜ் சற்று நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டான். டொமினிக் முன்னால் வந்து தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தான்.