சிமெண்டுப் பால்

பிளாஸ்டிக் உறையிலிருந்து உருவிய புது பெல்ட்டுகளை ஒவ்வொன்றாகச் சிமெண்டுப் பாலில் முக்கி எடுத்தாள் சித்தாள் அன்புக்கரசி. மணலில் புரட்டி, காலால் மிதித்து, சாரத்துக் கம்பில் காயப்போட்டாள். உயரத்தில் நிற்பவர்கள் இடுப்பில் மாட்டிக்கொள்ள வேண்டிய பெல்ட்டுகள். நாகல் நகரை ஒட்டி எழும்பிக்கொண்டிருந்த அந்த அடுக்குமாடிக்கு அன்று சாயங்காலம்தான் வந்து இறங்கியிருந்தன. முந்தின நாள் மூன்றாம் மாடிச் சாரத்திலிருந்து அவள் புருஷன் கருப்பணன் விழுந்திருந்தான்.

"நல்லா முக்கு தாயி. ரொம்ப நாளா மாட்டுன மாதிரித் தெரியணும்னு இன்ஜினியர் சொல்லிருக்காரு," என்றார் கொத்தனார் பொம்மையன். அவள் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"ரொம்பக் கெட்டியா இருக்குண்ணே. இன்னுங் கொஞ்சம் தண்ணி ஊத்தவா?"

"கெட்டியா இருந்தாத்தான் ஒட்டும். பூச்சுக்காரனுக்கே பக்குவம் சொல்றியாக்கும்?"

ராத்திரி புருஷன் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தவளை மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோ வைத்துக் கூட்டிவந்தார்கள். சைட் இன்ஜினியர் மோகன்குமார் ஷெட்டுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார்.

"விழுந்தத விசாரிக்க லேபர் ஆபீசர் வாராரு. பெல்ட்டு குடுத்தாங்க, வேர்க்குதுன்னு எம்புருஷன்தான் கழட்டிப் போட்டுட்டு ஏறுனாரு. அம்புட்டுதான் சொல்லணும்."

"பெல்ட்டே கெடையாதே சார்."

"மதியம் முதுகுத்தண்டுல ஆபரேசன். கம்பெனி பொறுப்பெடுத்துக்கிட்டதாலதான் அங்க படுக்க வச்சிருக்காங்க. நான் ஒரு போன் போட்டா வெளிய தள்ளிருவாங்க. பெறகு ஒம்பாடு."

காலையில் கிளம்பும்போது கருப்பணன் கேட்டது அவள் காதிலேயே நின்றது. "ஏ புள்ள, எங்காலு ரெண்டும் கட்டில்லதான கெடக்கு?"

அதிகாரி வந்தபோது ஆட்கள் மஞ்சள் ஹெல்மெட்டோடு வரிசையாக நின்றார்கள். டீ நேரம் என்று சொல்லி, பெல்ட்டுகளை ஷெட்டுச் சுவரில் தொங்கவிட்டிருந்தார்கள். கேட்டதும் அன்புக்கரசி சொல்லிக்கொடுத்ததைச் சொன்னாள்.

"யோசிச்சுச் சொல்லுங்கம்மா," என்றார் அதிகாரி. "அவரே கழட்டுனாருன்னு எழுதிட்டா, பின்னாடி நஷ்டஈடு கேஸு நிக்காது."

மோகன்குமார் கைப்பேசியை உள்ளங்கையில் புரட்டிக்கொண்டிருந்தார்.

"அவருதாங்க கழட்டுனாரு."

"இதுல எது அவரோடது?"

அதை யாரும் சொல்லித்தரவில்லை. கடைசியில் தொங்கியதைக் கைகாட்டினாள். அதிகாரி எடுத்துக் கொக்கியை அமுக்கினார். அசையவில்லை. இரண்டு கட்டைவிரலாலும் அமுக்கிப் பார்த்துவிட்டு அடுத்த பெல்ட்டை எடுத்தார். அதுவும் பூட்டியபடியே இறுகிக் கிடந்தது.

"கொத்தனாரே, இதத் தெறங்க."

பொம்மையன் அமுக்கினார், இழுத்தார், பல்லால் கடித்தும் பார்த்தார். சிமெண்டுத் துணுக்கு ஒன்று அதிகாரியின் ஷூ மேல் உதிர்ந்தது.

"கல்லாட்டம் பிடிச்சுக்கிருச்சுங்க."

"தளம் போட்டப்ப இம்புட்டு உறுதியாப் பிடிக்கலையேப்பா," என்று பின்வரிசையில் ஒருவன் முணுமுணுத்தான்.

அதிகாரி அவள் பக்கம் திரும்பினார். "இதையாம்மா ஒங்க வீட்டுக்காரர் கழட்டி வச்சாரு?"

கலவை மிஷினை நிறுத்தியிருந்தார்கள். அவள் பார்வை மோகன்குமாரின் கை பக்கம் போனது. அப்போது கைப்பேசி அடித்தது. மோகன்குமார் திரையைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தார். "ஆஸ்பத்திரிதான்."

"ஆமாங்க," என்றாள் அன்புக்கரசி. "இதத்தான் கழட்டுனாரு."

அதிகாரி பெல்ட்டை ஒருமுறை புரட்டிப் பார்த்தார். பிறகு பழைய ஆணியிலேயே மாட்டினார்.

"எளநி வெட்டச் சொல்லிருக்கேன் சார், செத்த நேரம் உக்காந்துட்டுப் போகலாம்," என்றார் மோகன்குமார். இருவரும் ஆபீஸ் அறைக்குள் போனதும் கதவு சாத்திக்கொண்டது.

வெளியே வந்து காரில் ஏறும்போது அதிகாரி, "அடுத்த தடவ வாரப்ப பூட்டு தெறக்கணும்," என்றார்.

கார் தெருமுனை திரும்பியதும் ஹெல்மெட்டுகள் சாக்குக்குள் போயின.

"நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன் சார்."

"போகலாம், போகலாம். நீ முக்குனதுதான? கொத்திச் சுத்தம் பண்ணிட்டுப் போ."

சாரத்துக்குக் கீழே, ரத்தத்தை மூடப் புது மணல் பரப்பியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் அவள் உட்கார்ந்தாள். ஆணியை வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டி முதல் கொக்கியிலிருந்த சிமெண்டைப் பெயர்த்தாள். கலவை மிஷின் ஓடத் தொடங்கியது. மேலே, கருப்பணன் பாதியில் விட்ட சுவரைப் பூச, பொம்மையன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு ஏறினார். சாரம் கிறீச்சிட்டது.

டக்கென்று கொக்கி திறந்தது. மடியில் வைத்து முந்தானையால் துடைத்தாள். மேலிருந்து ஒரு கட்டி ஈரக் கலவை தொப்பென்று அதன் மேல் விழுந்தது.