வளைவில் எடுத்த கால்

பிணவறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து தம்பியின் ஷூக்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள் அக்கா.

"இனிமே அத யாரு போடப் போறா?" என்றார் அப்பா.

அவள் நிறுத்தவில்லை.

"வயசுப் பயண்ணே. அப்படி ஒரு வண்டி கையில கிடைச்சா கால் சும்மா இருக்குமா?" என்றார் சித்தப்பா.

"முப்பது வருஷம் பஸ் ஓட்டுனேன். ஒரு கோழிய அடிச்சிருப்பனா? இவனுக்கு நான் சொல்லிக்குடுத்தது ஒண்ணே ஒண்ணுதான். பயமா இருந்தா ஆக்ஸிலேட்டர்லேர்ந்து கால எடுத்துடுறான்னு. அத மட்டும் கேட்டிருந்தா இங்க கிடப்பானா?"

அக்காவும் தம்பியும் ஒரே பட்டறையில் மெக்கானிக்குகள். காலையில் அவன் ஓட்டிப் பார்க்க எடுத்துப்போனது ஒரு பழைய இத்தாலிய கார். அதில் இன்ஜின் முன்னால் இல்லை. ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால், நான்கு சக்கரங்களுக்கும் நடுவில் இருக்கிறது. கனமான மூட்டையைக் கைநீட்டிப் பிடித்துக்கொண்டு திரும்புவது வேறு, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்புவது வேறு. அதனால்தான் நினைத்த மாத்திரத்தில் அந்த வண்டி திரும்பும். ஆனால் வளைவின் நடுவில் சட்டென்று காலை எடுத்தால் பாரம் முன்பக்கம் சாயும். பின் டயர்கள் லேசாகித் தரைப்பிடியை விட்டுவிடும். இன்ஜினின் கனம் வண்டியின் வாலை வெளியே வீசும். பயந்தாலும் காலை அசைக்கக் கூடாது. அதை அவள் சொல்லித்தான் அனுப்பினாள். பயத்தில் கால் முதலில் படித்த பாடத்தைத்தான் கேட்கும்.

விபத்து நடந்த இடத்துக்கு அவள் போய்ப் பார்த்தபோது வண்டி மூன்றாவது கியரில் நின்றிருந்தது. பெரிய வேகமில்லை. ஈரச் சாலையில் பிரேக் பிடித்த கோடே இல்லை; வளைவின் பாதியில் தொடங்கி விசிறிபோல் விரிந்த தடம் மட்டும். சாலையோரச் சுவரில் முதலில் மோதியிருந்தது வண்டியின் பின்பக்கம்.

"நீ வண்டியப் பாத்தியேம்மா," என்றார் அப்பா. "ரொம்ப வேகமாத்தான் போனானா?"

இல்லை என்று சொன்னால் தம்பிமேல் பழி இருக்காது. ஆனால் அப்பா வண்டி தெரிந்தவர். பின்ன எப்படிம்மா என்று கேட்பார்.

ஷூ நாடாவை முடிச்சுப் போட்டாள், அவிழ்த்தாள்.

"ஆமாப்பா. ரொம்ப வேகம்."

அப்பா வெகுநேரம் தலையாட்டிக்கொண்டே இருந்தார். "பாத்தியாடா," என்றார் சித்தப்பாவிடம். "அப்பன் பேச்சுன்னா அவனுக்கு அவ்வளவு இளக்காரம்."

பிணவறை ஊழியர் கதவைத் திறந்தார். "பெத்தவர் மட்டும் வாங்க."

சித்தப்பா கைகொடுக்கப் போனார். அப்பா அதைத் தட்டிவிட்டு எழுந்து, வேட்டியை இறுக்கிக்கொண்டு தனியாகவே உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.

உள்ளேயிருந்து அவர் திட்டுவது கேட்டது. சொன்னா கேக்க மாட்டியா, சொன்னா கேக்க மாட்டியாடா என்று ஓங்கிய குரலில். பிறகு அது நின்றுவிட்டது.

சித்தப்பா கதவைப் பார்த்தார். அவள் பார்க்கவில்லை.