மூழ்கியவளுக்கு மூக்கு அரிக்காது

...இதற்குள் இரண்டே முக்கால் ஆகியிருக்குமோ, மணிக்கூண்டு பாடியதே, அது அரையா முக்காலா, கண்ணை மூடியே கிடந்தால் நேரம் பிடிபடுவதில்லை, மூக்கு வேறு அரிக்கிறது, “டேய் ரெமி, மூக்கு அரிக்குதுடா” என்கிறேன், “தண்ணில முழுகிச் செத்தவளுக்கு மூக்கு அரிக்காதுக்கா, அசையாத” என்கிறான் என் தம்பி, டர்பன்டைன் நெடிக்குள்ளிருந்து. பதினோரு வருஷமாக ப்ரூஜ் நகரத்துக் கால்வாய்களில் என்னை முழுக வைத்து வரைந்துதான் அவனுக்குப் பேர், ஒரு படத்தில் சிறகோடு, ஒன்றில் சிங்க உடம்போடு, இப்போது அல்லிகளுக்கு நடுவே மணப்பெண்ணாக, எல்லாவற்றிலும் என் முகம், எல்லாவற்றிலும் மூடிய கண்... திறந்தால் கனவு கலைந்துவிடுமாம். என் கண் என்ன நிறமென்று அவனுக்குத் தெரியுமா? கமீலுக்குத் தெரியும். ஓஸ்டெண்ட் துறைமுகத்தில் மதகு திறப்பவன், கண்காட்சி வாசலில் என்னை மறித்து, “படத்துல எப்பவும் செத்தே கிடக்கீங்க, நேர்ல இப்படி முறைக்கிறீங்களே!” என்று சிரித்தவன். அவன் கடிதம் என் உடுப்புக்குள் இருக்கிறது, கோடெலீவெ, மூன்று மணி வண்டி, ஸ்டேஷனில் நிற்பேன், நீ வராவிட்டால் என்னோடு வா என்று இனி கேட்க மாட்டேன் என்று.

போகலாம். எழுந்தால் போதும், ஸ்டேஷன் பத்து நிமிஷ நடை. ஆனால் தூரிகை உரசுகிறது, என் இமையைத்தான் தீட்டுகிறான், இப்போது அசைந்தால் பாழ், இந்த இமை முடியட்டும், முடிந்ததும் சொல்லிவிடுகிறேன்... அம்மா போனபோது இவனுக்கு ஒன்பது வயது, நானும் போய்விட்டால் யார் சூப் வைப்பது, படத்துக்கு யார் முகம் கொடுப்பது, ஒரு இமைதானே, அதுவரை பொறுக்க மாட்டேனா... மணிக்கூண்டு பாடுகிறது, இந்தத் தடவை நீளப் பாட்டு, பிறகு ஒன்று, இரண்டு, மூன்று. கண்ணைத் திறந்துவிட்டேன்.

ரெமி என்னைப் பார்க்கவில்லை. கேன்வாஸின் கீழ்மூலையில் குனிந்து தண்ணீரைத் தீட்டிக்கொண்டிருக்கிறான். என் முகம் முடிந்து, நன்றாகக் காய்ந்துமிருக்கிறது, இமை மேல் ஒரு ஈ நடக்கிறது, கால் ஒட்டவில்லை. எத்தனை நாளாக இப்படி?

“அசையாதக்கா,” என்றான், தலையைத் தூக்காமலே.

தூரத்தில் வண்டி ஊதியது. அப்படியென்றால் இவ்வளவு நேரம் என்னை யார் பிடித்து வைத்திருந்தார்கள்... திறந்த கண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை, மறுபடி மூடிக்கொண்டேன்.