மூன்றில் ஒரு பங்கு மருந்து

கலங்கரை விளக்கத்துக்குத் தெற்கே இருந்த குப்பத்தில் அநியாயம் நடந்ததாக எவரும் சொல்லிவிட முடியாது. கடலில் கிடைப்பது எதுவாயினும் கரையில் பங்கு பிரியும். பிரிப்பவர் தலைவர் தருமன். ஆகவே 1979இல், இரைப்பையில் ஒட்டி இரத்தம் உறிஞ்சும் புழுவுக்கு மருந்து கொண்டுவந்த கால்நடை மருத்துவர் வேணு, ஆடுகள் அறுபது, மருந்தோ இருபதுக்குத்தான் என்று கையைப் பிசைந்தபோது, தருமன் தயங்கவில்லை. ஆட்டுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று ஊற்றச் செய்தார். அறுபதுக்கும் சிகிச்சை என்று எழுதிய வேணுவுக்கு மேலிடத்துப் பாராட்டு வந்தது.

மறு ஆண்டு மழை ஓய்ந்ததும் லோகநாயகியின் மூன்று ஆடுகளுக்கும் தாடையடியில் நீர் கோத்தது. இமைக்குள் சிவப்பே இல்லை; மறுபடியும் அதே புழு. இரண்டு கிடா, ஒன்று சினை. சினையாடு செத்தால் அவளுடைய மந்தை அதோடு முடிந்தது.

பழைய மருந்து இனி வேலைசெய்யாது என்றார் வேணு.

"இன்னா சார், நல்ல மருந்துன்னீங்க?"

"மருந்து நல்லதுதாம்மா. அளவு குறைஞ்சதால நோஞ்சான் புழு மட்டும் செத்துச்சு. தாக்குப்பிடிச்சது முட்டை போட்டிருக்கு. அந்தக் குணம் பரம்பரையா முட்டைக்குள்ளயே இறங்கிடும்."

"அப்போ பங்கு போட்டுப் புழுவைத்தான் வளத்துவுட்டோம்."

இம்முறை மருந்து புதிது. அளவு அதே இருபதுக்கு. இருபது ஆடுகளுக்கு முழுதாகக் கொடுக்கலாமே என்றாள் லோகநாயகி.

"எந்த இருபது?" என்றார் தருமன். "மீதி ஆட்டுக்காரன் மூஞ்சில நான் எப்படிம்மா முழிக்கிறது?"

வேணு அதற்குள் அறுபது என்று எழுதியிருந்தார்.

லோகநாயகி மூன்று பங்கையும் ஒரே கிண்ணத்தில் வாங்கிப்போய்ச் சினையாட்டின் வாயில் ஊற்றினாள்.

ஒரு மாதத்தில் குப்பத்து ஆடுகள் பாதியாயின. அவளுடைய கிடாக்களும் போயின. சினையாடு தேறி, இரட்டைக் குட்டி ஈன்றது. பஞ்சாயத்துக் கூடியது.

"கிடாவுக்குச் சேரவேண்டிய பங்கை நீ எப்படி எடுக்கலாம்?"

"என் கிடாதானே, தலைவரே."

"ஆடு உன்னுது. பங்கு அதுங்களுது. வாயில்லாத ஜீவன்னு ஏமாத்திட்டியே."

"கேட்டுப் பாத்தேன். வேணான்னுச்சுங்க."

யாரோ சிரித்தார்கள். தருமன் சிரிக்கவில்லை. செத்த கிடாக்களின் பங்கில் பிழைத்த ஆடாதலால், குட்டிகள் குப்பத்துக்குப் பொது என்று தீர்ப்பாயிற்று.

பொதுக் குட்டிகள் இரண்டு நாள் பாலுக்குக் கத்தின. மூன்றாம் நாள் தருமனே தூக்கிவந்தார்.

"பால் மறக்கிற வரைக்கும் வெச்சிரு."

"அடுத்த மருந்து வர்ற வரைக்கும் இருக்கட்டும், தலைவரே. மூணு உருப்படி இருந்தாத்தான் மூணு பங்கு வரும், ஒண்ணாவது பொழைக்கும்."

தருமன் யோசித்தார். பங்கு முறைப்படி அதில் குற்றம் காண முடியவில்லை. குட்டிகளை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்.