கறை போன கையுறை

நகைப் பட்டறையில் மெருகு போடும் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. அதற்குள் அவளுடைய வெள்ளைக் கையுறை இரண்டும் கன்னங்கரேலென்று ஆகிவிட்டன. வேலையை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று சூப்பர்வைசர் நாளைக் காலையில் சொல்வார். அவரோ மேசையில் ஒரு நூல் கிடந்தாலே முகம் சுளிக்கிற மனிதர். சாயங்காலம் மற்றவர்கள் பழைய கையுறைகளைக் கழற்றி வாசலோரப் பெட்டியில் போட்டார்கள். கிழிந்ததைத்தான் போடுகிறார்கள் போலிருக்கிறது என்று இவளாகவே நினைத்துக்கொண்டு, தன்னுடையதைச் சாப்பாட்டுப் பைக்குள் திணித்தாள்.

வீட்டில் சோப்பு போட்டுத் தேய்த்தாள். கறை அசைந்து கொடுக்கவில்லை. கணவன் பேச்சைக் கேட்டுப் பற்பசையைத் தடவியதில் இருந்த கறை இன்னும் அகலமானது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போது மாமியார் எட்டிப் பார்த்தாள். மருமகள் வழுக்கி விழுந்தால்கூட, ‘பாத்து விழு’ என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்கிற ஆள் அவள்.

“எண்ணெய்ப் பிசுக்குடி அது. வெந்நீர்ல பாத்திரம் கழுவுற சோப்பைப் போட்டு ஊற வை.”

விடிந்தபோது கையுறை வெளுத்திருந்தது, பக்கெட் தண்ணீர் மை போலக் கறுத்திருந்தது. சாயங்காலம் வந்து கொட்டிக்கொள்ளலாம் என்று அப்படியே விட்டுவிட்டு ஓடினாள்.

பட்டறையில் அவள் நீட்டிய கையுறையைச் சூப்பர்வைசர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வீட்டில் துவைத்ததாகச் சொன்னாள், கொஞ்சம் பெருமையாகத்தான். அவர் கத்தியிருந்தால்கூடத் தேவலை. மெருகு போடும்போது உதிர்கிற பொடி முழுக்கக் கையுறையில்தான் ஏறும், பெட்டியில் சேருவதை எரித்துச் சாம்பலை உருக்குவோம் என்று நிதானமாகச் சொன்னார்.

“அந்தக் கறையிலதாம்மா தங்கமே இருக்கு.”

கையுறையைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு போனது போலல்லவா ஆகிவிட்டது! சத்தியமாகத் தெரியாது என்றாள். எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள் என்றார் அவர்.

“துவைச்ச தண்ணியாவது இருக்கா?”

போன உயிர் திரும்பி வந்தது. இருக்கிறது, பக்கெட்டோடு அப்படியே இருக்கிறது! அதைக் கொண்டுவந்து வைத்துவிட்டால் திருடி என்று யார் சொல்ல முடியும்? உடனே வீட்டுக்குப் போன் போட்டாள். எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னார் சூப்பர்வைசர்.

“அத்தை, அந்தப் பக்கெட் தண்ணி...”

“அதை நினைச்சுக் கவலைப்படாத. வேலை முடிஞ்சு வந்து நீ வேற செய்யணுமான்னு நானே சாக்கடையில கொட்டிட்டேன். பக்கெட்டையும் நல்லாத் தேய்ச்சுக் கழுவிட்டேன்.”

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாமியார் அவளுக்காகச் செய்த முதல் வேலை அது. சூப்பர்வைசர் கையுறையை மடித்து மேசைமேல் வைத்தார்.

போனில் மாமியாரின் குரல் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. “என்னடி பேச்சையே காணோம்? வேலையை நிரந்தரம் பண்ணிட்டாங்களா?”